அம்மாவின் செல்லாத ஓட்டு

நம் பழைய எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று ஒரு படம் வந்தது. சிலுவை, அதன் கீழே மை வைத்த விரல், அதற்கும் கீழே ‘வாக்களிப்பது கிறிஸ்தவனின் தலையாய கடமை, யாருக்கு என்பதை ஜெபித்து முடிவு செய்யுங்கள்’ என்று எழுத்து. ஜெபிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு வசதியாக ஓரத்தில் ஒரு வேட்பாளரின் சிரித்த முகமும் இருந்தது. நீங்கள் வரிசையாக ஆமென் போட்டீர்கள். எல்லாருக்கும் அறுபதை ஒட்டிய வயது, முட்டி வலிக்குத் தைலம் தேடுகிற வயது. ஒருத்தருக்காவது அந்த முகத்தை எதற்கு அங்கே ஒட்டினாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் ஆமென் போடாததைக் கவனித்து, “டீச்சருக்கு என்ன கோபம்?” என்று ஒருத்தர் கேட்டிருந்தார். கோபம்தான். எழுதுகிறேன், படியுங்கள். படித்துவிட்டுக் குரூப்பிலிருந்து தூக்கினாலும் சரி, எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கட்சிப் பெயரை எழுத மாட்டேன். சின்னத்தையும் எழுத மாட்டேன். எழுதினால் எந்தக் கட்சி யோக்கியம் என்று நீங்கள் சண்டை போட ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்த மனுஷி காணாமல் போய்விடுவாள். ஓட்டுச் சீட்டில் மேலே இருந்தது கோயில் சொன்ன சின்னம். கீழே இருந்தது யூனியன் சொன்ன சின்னம். உங்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்குப் பத்து வயது. சித்திரபுரத்துக்கு மேலே நம் தேயிலை எஸ்டேட். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது, தேர்தலும் வந்துவிட்டது. ஃபேக்டரி ரோட்டில் நீலப் பூ மரங்கள் இலையே தெரியாமல் பூத்து, மழை பெய்தால் ரோடெல்லாம் வழுக்கும். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. அது முடிந்து வெளியே வந்தால் ஜீப்பில் மைக் கட்டி ஓட்டுக் கேட்பார்கள். ஒரே சரிவில் இரண்டும் கேட்கும். “எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி” என்று உள்ளே முடித்த வாயோடு வெளியே வந்து, பிள்ளைகள் நாங்கள் ஜீப்பின் பின்னால் “போடுங்கம்மா ஓட்டு” என்று கத்திக்கொண்டு ஓடுவோம். அவர்கள் வீசுகிற நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் கணக்குப் போடலாம், அதற்குத்தான் அத்தனை ஓட்டம்.

நம் கோயில் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்னால் உர மூட்டை அடுக்குகிற கிட்டங்கியாக இருந்த தகரக் கூரைக் கட்டடம். எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் அடியில் அந்த யூரியா வாடை இருந்துகொண்டே இருக்கும். சாமியார் மலைக்குக் கீழேயிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மலையாளக்காரர், நல்ல மனுஷர், குழந்தைகளை “மோளே” என்று கூப்பிட்டு பிஸ்கட் கொடுப்பார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார்தான் ஜெபம் சொல்வார், பாட்டு எடுப்பார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார். வாரத்தில் ஆறு நாள் அதே ஆள் கொழுந்துக் காட்டில் சூப்பர்வைசர். பெண்கள் பறித்த கொழுந்தில் தடித்த இலை இருந்தால் கூடையைக் கவிழ்த்துவிட்டுத் திட்டுகிற வாய்தான் ஞாயிற்றுக்கிழமை நமக்காக வேண்டிக்கொள்ளும். அதனால் அவரிடம் எல்லாப் பெண்களுக்கும் இரண்டு மடங்கு பயம். என் அம்மாவுக்கு மூன்று மடங்கு, ஏனென்றால் அம்மாவுக்குக் கடவுள் மேல் உண்மையான பக்தி இருந்தது.

அப்பாவுக்கு ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. யூனியன் கமிட்டியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வருவார், முழங்கால் போடுவார், பாட்டும் பாடுவார். இரண்டுக்கும் சண்டை வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அந்த ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எனக்குப் புதுநன்மை, முதல்முதலாக ஆண்டவரின் அப்பத்தை நாக்கில் வாங்குகிற நாள். எங்கள் லயத்தில் ஆறு பிள்ளைகள். வெள்ளை உடுப்புக்குத் துணி வாங்கித் தைத்தாகிவிட்டது. தலைக்குக் கிரீடம் நாங்களே செய்வோம். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித்தாளில் கிழிசலானது ஃபேக்டரியில் கிடக்கும், அப்பா அதை மடக்கிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார். அம்மா அதைக் கரண்டிக் காம்பால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் போக்கி, பூப்பூவாக வெட்டினாள். தாளை முகத்தருகே கொண்டுபோனால் தேயிலை மணக்கும். இன்றைக்கு எந்தக் கடையில் கேட்டாலும் அப்படி ஒரு தாள் கிடையாது.

குருத்து ஞாயிறுக்கு இரண்டு வாரம் முந்தி உபதேசியார் எங்கள் லயத்துக்கு வந்தார். கையில் பாடுபட்ட சுரூபம். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் பீடத்திலிருந்து இறக்கி, வரிசையில் நின்று முத்தி செய்வோமே, சிலுவையில் அறைந்த ஆண்டவரின் அந்த மரச் சுரூபம். ஒரு முழங்கை நீளம், இடது கால் பெருவிரலில் வண்ணம் உரிந்தது. அதை ஊதாத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பின்னால் கோயில் சொன்ன கட்சியின் ஆட்கள் இரண்டு பேர், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. வீடு வீடாக நின்று துணியை விலக்குவார். வீட்டுக்காரன், வீட்டுக்காரி இரண்டு பேரும் சுரூபத்தின் மேல் வலது கையை வைத்து, எங்கள் ஓட்டு மேல் சின்னத்துக்குத்தான் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவது பக்கத்து லயங்களில் நடக்கும். பாலில் கை வைத்து வாங்குவதும் உண்டு. நம் ஆட்களுக்கு எதில் கை வைத்தால் பயம் வரும் என்று யோசித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஓய் உபதேசியாரே, பெரிய வெள்ளிக்கிழமை எடுக்கிற சுரூபத்தை ஓட்டுக்குத் தூக்கிட்டு வாரீரே, உமக்கே கூச்சமா இல்லையா?”

“கடவுள் இல்லைன்னு சொல்றவன் ஜெயிச்சா நாளைக்கு இந்தக் கோயிலே இருக்காதுய்யா. திருச்சபைக்காகக் கேக்கேன்.”

“அவரு கையில ஆணி அடிச்சிருக்கு. இல்லைன்னா உம்ம கன்னத்துல ஒண்ணு விட்டுட்டுத் திரும்ப ஏறிருப்பாரு. போம்யா!”

லயத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் புதுநன்மைப் பட்டியலை வாசித்தபோது ஐந்து பெயர்தான் இருந்தது.

நான் கையைத் தூக்கினேன். “என் பேரு விட்டுப்போச்சு சார்.”

“விட்டுப்போகலை. உங்க வீட்டுல ஆண்டவருக்கு இடமில்லைன்னு உங்கப்பாரே சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய?”

பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது?  முப்பது வருஷம் வகுப்பில் நின்றவள் நான். பரீட்சையில் பூஜ்யம் வாங்கின பிள்ளையைக்கூட எல்லார் முன்னாலும் அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா, “அடுத்த வருஷம் வாங்கிக்கலாம், என்ன இப்போ” என்றார். அம்மா கிரீடத்தை என் தலையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், “வாட்டி, கோயிலைக் கூட்டிட்டு வரலாம்” என்று என்னை அழைத்துப்போனாள். உபதேசியார் அங்கே இருந்தார், குருத்தோலைக் கட்டை அவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார். நம் குளிரில் தென்னை ஏது, கீழேயிருந்து பஸ்ஸில் வந்த ஓலை, பாதி வாடியிருந்தது. அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

“பிள்ளை பேரைச் சேர்த்துக்கோங்க. நான் சத்தியம் பண்ணுதேன். அவரு பண்ண மாட்டாரு. என் ஓட்டுக்கு நான் பண்ணுதேன்.”

அவர் சுரூபத்தை எடுத்துவந்தார். அம்மா கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வைத்தாள். அவள் விரலெல்லாம் கொழுந்துக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. மேல் சின்னத்துக்குப் போடுவேன் என்று சொல்லி முடித்து, கையை எடுக்கப் போனபோது உபதேசியார் அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டுக்கோம்மா. மத்த பாவம் மாதிரி இல்ல இது. பாடுபட்ட சுரூபத்து மேல வச்ச சத்தியத்தை மீறினா பாவசங்கீர்த்தனத்துலயும் தீராது. எந்தச் சாமியாரும் மன்னிக்க முடியாது. அப்படி மீறினவ நன்மை வாங்கினா அது அவளுக்கு நெருப்பு.”

இது எந்த வேதப் புத்தகத்தில் இருக்கிறது? நான் தேடிப் பார்த்துவிட்டேன். எதிலும் இல்லை. அந்த ஆள் அந்த நிமிஷத்தில், குருத்தோலைக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று, தன் வாயாலேயே உண்டாக்கின சட்டம். அம்மா “சரிங்க” என்றாள். என் பெயர் பட்டியலில் ஏறியது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் உபதேசியார் ஒருத்தரைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் லயத்தில் ஒரு சங்கதி ஒரு நாளைக்கு மேல் எந்த வீட்டில் தங்கும்? புதன்கிழமை யூனியன் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு நெருங்கின கூட்டாளி. அம்மாவை மதினி மதினி என்று உருகுவார், எனக்கு வரும்போதெல்லாம் கடலை மிட்டாய் கொண்டுவருவார். அன்றைக்கு மிட்டாய் இல்லை.

“மதினி, கமிட்டி மெம்பர் வீட்டு ஓட்டே மாறிப்போச்சுன்னா நாங்க வெளிய தலை காட்ட முடியுமா? அண்ணன் முகத்தைப் பாருங்க.”

அண்ணன், அதாவது என் அப்பா, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளைக்காகத்தான்...” என்றாள் அம்மா.

“பிள்ளைக்காகத்தானே? சரி. அதே பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லுங்க. சிலுவை மரம், மதினி. இது உங்க ரத்தம். எது பெருசு?”

என்னைப் பிடித்து இழுத்து அம்மாவுக்கு முன்னால் நிறுத்தினார். மூட நம்பிக்கையை ஒழிப்போம் என்று ஒவ்வொரு மே தினத்துக்கும் தொண்டை கிழியப் பேசுகிற மனுஷர் அவர்! கடவுளும் இல்லை, சாபமும் இல்லை என்கிறவருக்குப் பிள்ளைத் தலையில் என்ன ஐயா வேலை?

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா எழுந்து, “விடுங்கய்யா, அவ ஓட்டு அவளுக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உபதேசியாரை வாசலில் நிறுத்தி அவ்வளவு வாய் பேசியவர்தானே! “சொல்லிரு” என்றார். அவ்வளவுதான். அப்பாவை எனக்குப் பிடிக்கும், அவர் செத்தபோது மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். ஆனாலும் அந்த ஒரு ‘சொல்லிரு’வை நான் மன்னிக்கவில்லை, இனியும் மன்னிக்கப் போவதில்லை.

அம்மாவின் கை என் தலையில் இறங்கியது. எண்ணெய் வைக்கிற கை, பேன் பார்க்கிற கை. அன்றைக்கு அது தலையில் படாமல் முடி மேலேயே நின்றது. “நல்லா வைங்க மதினி” என்றார் செயலாளர். வைத்தாள். கீழ்ச் சின்னத்துக்குப் போடுவேன், மீறினால் என் பிள்ளைக்கு ஆகாது என்று அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள்.

அன்றிலிருந்து தேர்தல் வரை பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் என்ன பாடுபட்டேன் என்று உங்கள் யாருக்கும் தெரியாது, உங்களோடுதான் ஜீப்பின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டில் ஒன்றை அம்மா மீறியே ஆக வேண்டும். மேல் சின்னத்துக்குப் போட்டால் நான் செத்துப்போவேன். கீழ்ச் சின்னத்துக்குப் போட்டால் அம்மா நரகத்துக்குப் போவாள், பாவசங்கீர்த்தனத்திலும் தீராது. காலையில் எழுந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், சுடுகிறதா என்று. அம்மாவிடம் கேட்கத் தைரியமில்லை. பெரிய வெள்ளிக்கிழமை முத்தி செய்யப் போனபோது அந்தப் பெருவிரலில் உதடு வைக்காமல், வைத்த மாதிரி குனிந்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அந்தச் சுரூபத்தின் மேல் அவ்வளவு ஆத்திரம்.

அம்மா அந்த நாட்களில் யோசித்துக்கொண்டே இருந்தாள். சோறு வடிக்கும்போது நிற்பாள், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்பாள். தேர்தலுக்கு முந்தின நாள் கொஞ்சம் தெளிந்திருந்தாள். எனக்குத் தலைபின்னி இரட்டைச் சடை போட்டுவிட்டாள்.

ஓட்டுச்சாவடி நம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, அதில் உபதேசியார். அந்தப் பக்கம் ஒரு மேசை, அதில் செயலாளர். இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள், இரண்டு பேரும் சீட்டு எழுதிக்கொடுக்கக் கை நீட்டினார்கள். அம்மா யாரிடமும் வாங்காமல் நேரே உள்ளே போனாள். நான் கொய்யா மரத்தடியில் நின்றேன். அவளுக்குப் பின்னால் போன இரண்டு பேர் வெளியே வந்த பிறகும் அவளைக் காணவில்லை.

வெளியே வந்தபோது அம்மாவின் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“யாருக்கும்மா போட்டே?”

“போட வேண்டியவங்களுக்குப் போட்டுட்டேன். உனக்கும் ஒண்ணும் வராது, எனக்கும் ஒண்ணும் வராது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. வாட்டி.”

வழியில் உபதேசியார் கேட்டார். “நீங்க சொன்னதுல குத்திட்டேன்” என்றாள். அப்பா வீட்டில் கேட்டார். “நீங்க சொன்னதுல குத்திட்டேன்” என்றாள். இரண்டு பேரிடமும் பொய் சொல்லவில்லை.

அவள் என்ன செய்தாள் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துக் கதை காட்ட எனக்குப் பொறுமை இல்லை. முத்திரையை எடுத்து மேல் சின்னத்தில் ஒன்று குத்தினாள், கீழ்ச் சின்னத்தில் ஒன்று குத்தினாள். இரண்டு சத்தியமும் நிறைவேறியது. பன்னிரண்டு நாள் மண்டையை உடைத்து ஒரு படிக்காத மனுஷி கண்டுபிடித்த வழி. சத்தியம் செய்யச் சொன்ன பெரிய மனுஷர்கள், ஒன்றில் மட்டும்தான் குத்தலாம், இரண்டில் குத்தினால் செல்லாது என்று ஒருத்தராவது சொல்லிக்கொடுத்தார்களா? அவர்களுக்கு வேண்டியது கை. அந்தக் கை எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதில்தான் கவனம்.

ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் சாயங்காலம், எண்ணுகிற இடத்துக்கு ஏஜெண்டாகப் போயிருந்த ஒருத்தன் எங்கள் லயத்துக் குழாயடியில் நின்று கதை அளந்துகொண்டிருந்தான். பெண்கள் குடம் வைத்துக் காத்திருந்தார்கள்.

“சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. சில கூமுட்டைங்க மேலயும் குத்திருக்கு, கீழயும் குத்திருக்கு. ஒரு ஓட்டைக் கொடுத்தா ஆளுக்குப் பாதியா பிச்சுக் கொடுத்துருக்கு!”

“அப்போ அது யாருக்குச் சேரும்?” என்று கேட்டது என் அம்மா.

“யாருக்கும் சேராது. செல்லாத ஓட்டு. போடாத மாதிரிதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, “தண்ணி போவுது பாரு” என்று சொல்லித்தான் குடத்தை எடுத்தாள்.

அந்த ஞாயிறு எனக்குப் புதுநன்மை. சாமியார் வந்திருந்தார். ஆறு பிள்ளைகள், வெள்ளை உடுப்பு, வெள்ளித்தாள் கிரீடம். நாங்கள் வாங்கின பிறகு, பிள்ளைகளின் தாய் தகப்பன் வந்து பக்கத்தில் முழங்காலிட்டு நன்மை வாங்குவது நம் வழக்கம். அப்பா வந்தார். அம்மா வரவில்லை. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்கம்மா ஏன் வரலை? ஏதும் பாவமா?” என்று எனக்கு அடுத்திருந்தவள் கேட்டாள். அவளும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள். நேற்று முதல் ஆமென் அவளுடையது.

வீட்டுக்கு வந்ததும் கிரீடத்தைப் பிய்த்து எறிந்தேன். “எல்லாரோட அம்மாவும் வந்தாங்க. நீ ஏன் வரலை? எனக்கு அசிங்கமா போச்சு.”

“காலையில மறந்துபோய் ஒரு வாய் கட்டஞ்சாயா குடிச்சிட்டேன்டி. குடிச்சிட்டு நன்மை வாங்கக் கூடாதுல்ல” என்றாள்.

அடுத்த ஞாயிறும் அதே பால் விடாத கட்டஞ்சாயா. அதற்கடுத்த ஞாயிறும் கட்டஞ்சாயா. ஈஸ்டர், கிறிஸ்துமஸ், அப்பாவின் அடக்கப் பூசை, என் கல்யாணப் பூசை, எல்லாவற்றுக்கும் கட்டஞ்சாயா. கோயிலுக்கு ஒரு ஞாயிறு தவறமாட்டாள், பீடத்தருகே ஒரு நாளும் போகமாட்டாள். இவளுக்குப் பக்தி விட்டுப்போச்சு, பழக்கத்துக்கு வருகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் ஓட்டுப் போடவும் போகவில்லை. தேர்தல் அன்றைக்கு அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

எட்டு வருஷம் கழித்து, நான் டீச்சர் பயிற்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு கூத்து நடந்தது. மேல் சின்னமும் கீழ்ச் சின்னமும் கூட்டணி. ஃபேக்டரி முன்னால் ஒரே மேடை. இரண்டு கொடியும் ஒரே கயிற்றில். உபதேசியார் செயலாளருக்குத் துண்டு போர்த்தினார், செயலாளர் உபதேசியாரைக் கட்டிப்பிடித்தார். கடவுளும் நரகமும் எங்கே போனது, வர்க்க எதிரி எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை, கை தட்டினார்கள். அம்மா கூடையோடு ரோட்டோரம் நின்று அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், “இவனுக இப்படிச் சேருவானுகன்னு நான் அப்பவே குத்திக் காட்டினேன்” என்றாள். சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 

பிறகு எனக்கு வாளையார் பக்கம் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. அரசாங்க டீச்சர் என்றால் தேர்தல் வேலை உண்டு. ஓட்டுச் சீட்டு இருந்த காலத்தில் ஒருமுறை எண்ணுகிற மேசையில் என்னைப் போட்டார்கள். இரண்டு குத்து வாங்கின சீட்டுகள் வரும். தூக்கிக் காட்டி, “இந்த அம்மிணிக்கு ரெண்டு மாப்பிள்ளை வேணுமாமா” என்று ஒருத்தர் சொல்வார், மேசையே சிரிக்கும். நானும் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, அப்போது என்னோடு வந்து தங்கிவிட்ட அம்மாவிடம் அதைச் சொல்லியும் சிரித்தேன். அதோடு விட்டேனா? “ஓட்டுப் போடாம வீட்டுல படுத்துக் கிடக்கிறவங்களைவிட இவங்க தேவலை. அது கடமைம்மா. ஒரு கிறிஸ்தவச்சியா இருந்துக்கிட்டு நீ கடமையைச் செய்ய வேண்டாமா?” என்று பாடம் நடத்தினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “ஆமாட்டி, கடமைதான்” என்றாள்.

ஆக, உங்களை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். முதல் செருப்படி எனக்குத்தான்.

கடைசியில் அம்மா படுத்துவிட்டாள். நுரையீரலில் நீர். ஹைவேயில் லாரிகள் போகிற சத்தத்தில் அவள் பேசுவது கேட்காது, காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். சாமியாரைக் கூட்டிவந்து கடைசி நேரத்துக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். பதறிப்போனாள்.

“வேண்டாம்டி. நன்மை கொடுப்பாரு. நான் வாங்கக் கூடாது.”

“இப்பவும் கட்டஞ்சாயாவா?” என்று எரிச்சலோடு கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். இரண்டு முத்திரையையும் சொன்னாள். குழாயடியையும் சொன்னாள். “ரெண்டு சத்தியமும் செல்லாமப் போச்சு. ஒண்ணுக்கு நான் நரகத்துக்குப் போகணும், இன்னொண்ணுக்கு நீ சாகணும். அன்னைக்கு ராவோட ராவா ஆண்டவர்கிட்ட பேசி முடிச்சுட்டேன். நான் உம்ம பந்தியில உக்கார மாட்டேன், பிள்ளையைத் தொடாதேயும்னு. அவரு வாக்கு மாறலை பாரு, உனக்கு ஒரு காய்ச்சல்கூடப் பெருசா வந்ததில்லை. இப்போ நான் வாங்கினேன்னா உனக்கு...”

நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் கதவோரம் உட்கார்ந்திருந்தாள் என் அம்மா. நான் அவளுக்குக் கடமையைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

சாமியாரைக் கையோடு கூட்டிவந்தேன். சின்னப் பையன், பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. “நீயும் இருட்டி” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டதால் நானும் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

“ஏனுங்கம்மா, பயமுறுத்தி வாங்குன சத்தியம் சத்தியமே இல்லீங்க. மீறறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்க. பாவம் உங்க மேல இல்லீங்க, உங்க கையைப் புடிச்சு வெச்சாங்க பாருங்க, அவங்க மேலதானுங்க. உங்க பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகாதுங்க.”

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதை அப்பவே ஒருத்தர் சொல்லிருக்கலாம்ல சாமி” என்றாள்.

 நன்மையை ஒரு துளியாகக் கிள்ளி நாக்கில் வைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் கையை விடாமல் பிடித்திருந்தாள், எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்கிறவள்போல மணிக்கட்டில் விரலை வைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

சாமியார் போன பிறகு அவளுக்கு இரண்டு ஸ்பூன் வெந்நீர் கொடுத்தேன். மனசு ஆறவே இல்லை. ஏதாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டேன்.

“அம்மா, சத்தியம் கித்தியம் ஒண்ணும் இல்லைன்னு வச்சுக்கோ. அன்னைக்கு உனக்கு யாருக்குப் போடணும்னு இருந்துச்சு?”

அம்மா கண்ணைத் திறந்து என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.  அவள் முகத்தில் தேடுவது தெரிந்தது.

“அதை யாரும் என்கிட்ட கேக்கலையேடி” என்றாள். “கேட்டிருந்தா யோசிச்சு வச்சிருப்பேன்ல.”